சக்கரம் இல்லாத மூன்றாம் நாள்

வண்டியின் இடது சக்கரம்
பட்டறைக்குப் போய் இரண்டு நாள்.
மோவுக்கு வேலையில்லை, எனக்கும்.
தவிட்டுக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

மூன்றாம் நாள் காலை
மேமியோ முழுக்கப் பனி.
மணிக்கூண்டு ஆறடித்தது.
அடித்ததுதான் தெரிந்தது, கூண்டு தெரியவில்லை.

லாடம் அடிக்கக் கூட்டிப் போகிறேன் என்றேன்.
"நானும்."
நடந்துதான் போகணும்.
"நடக்கமாட்டேன். அதுமேல."

ஐந்து வயது.
பள்ளிப் பதிவேட்டில் கின் மாலா,
வீட்டில் பவளம்.
கன்னத்தில் பூசிய தனக்கா இன்னும் காயவில்லை.
கதவருகே ஊசியும் நூலுமாய் நின்ற அவள் அம்மா
"புள்ள விழுந்தா வீட்டுப் பக்கம் வராத" என்றாள்.
என்னிடமா, மோவிடமா, தெரியவில்லை.

தூக்கி வைத்தேன்.
சேணம் எங்களிடம் என்றுமே இருந்ததில்லை.
மடித்த சாக்கு,
சாக்கின்மேல் மஞ்சள் ஸ்வெட்டர்,
ஸ்வெட்டருக்குள் எங்கோ அவள்.

மோ இழுக்கப் பழகியது.
பதினோரு வருடமாய்
பாரம் என்றால் அதற்குப் பின்னால் உருண்டு வருவது.
இப்போது பாரம் மேலே ஏறி
"அப்பா விட்றாத" என்கிறது.

திரும்பிப் பார்த்தது.
கண்பட்டையைக் கழற்றியிருந்ததால் பார்க்க முடிந்தது.
வண்டி இல்லை.
வண்டி இருக்கவேண்டிய இடத்தில் பனி.

"போ" என்றாள்.
அதற்குத் தெரிந்த ஏழெட்டுச் சொல்லும் பர்மியம்.
நின்றது.
"போன்னா போகாதா?"
உதைக்கலாம் என்றால் கால் தொங்கவேயில்லை,
தராசுத் தண்டு மாதிரி
இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன.
அவளுக்குக் கேட்காமல்
நாக்கை அண்ணத்தில் ஒரு தட்டு தட்டினேன்.
நடந்தது.
"அப்பா! புரிஞ்சிடுச்சு அதுக்கு!"

தபாலாபீஸ் தாண்டும்வரை
பிடரிமயிரைக் கையில் சுற்றிக்கொண்டு
மூச்சு விட்டாளா என்றே சந்தேகம்.
பிறகு சொன்னாள்:
"இதுக்குள்ள அடுப்பு எரியுது."

ஆமாம் என்றேன்.
தேய்த்துக் குளிப்பாட்டியவன்தான்,
உட்கார்ந்து பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்த மோ
ஒரு வால், வாலுக்கு மேல் கறுத்த கோடு,
சவுக்கு எட்டும் தூரம்.

அங்கேர்ந்து என்ன தெரியுது பவளம்?
"ரெண்டு காது. நடுவுல ரோடு.
ஒரு காது என்னையே பாக்குது."

பனிக்குள்ளிருந்து ஒரு மோட்டார் பைக்,
ஹாரன் முதலில், விளக்கு பிறகு.
மோ தலையை உயர்த்த
ஸ்வெட்டர் ஒருபக்கமாய்ச் சரிந்தது.
எனக்குக் கிடைத்தது ஒரு காலுறை,
நல்லவேளை உள்ளே கால் இருந்தது.
அழுவாள் என்று நினைத்தேன்.
குனிந்து அதன் கழுத்தில் சொன்னாள்:
"பயப்படாத, பைக்குதான்."

சந்தை முனையில் மோ நின்றது.
ஸ்ட்ராபெர்ரிக் கூடைக்காரிகள் ஏறுகிற இடம்,
தினமும் நிற்கும்.
"நில்லுன்னு மனசுல நெனச்சேன்."
ரயில் நிலைய மூலையில் தானாய்த் திரும்பியது.
"அதுவும் நான்தான்."
சவாரி பேசும்போது
குறுக்கே பேசாமலிருக்கப் பழக்கிய தொழில்.
பேசாமல் நடந்தேன்.

பூங்காவுக்குப் பின்னால் ஒரு மண்பாதை.
பைன் மரங்கள் நெருக்கியடித்து
வண்டி நுழையாது, காசும் கிடைக்காது.
மோ அதில் கால் வைத்ததேயில்லை.

"இந்தப் பக்கம்" என்றாள்,
பிடரியைக் கொஞ்சம் இடதாய் இழுத்து.

கயிறு என் கையில் தளர்ந்து கிடந்தது.
நாக்கு சும்மா இருந்தது, சத்தியமாய்.
மோ நீளமாய் மூச்சு விட்டது,
ஒரு காதைப் பின்னுக்கு மடித்தது,
திரும்பியது.

வழியெல்லாம் பைன் ஊசிகள்.
குளம்புச் சத்தம் நின்றுபோனது,
ஈரத்தின் மேல் ஏதோ அமுங்குவது மட்டும்.
கொஞ்ச தூரம் போனபின்
அவள் திரும்பிப் பார்த்தாள்,
காலையில் மோ பார்த்ததைப் போலவே.

கயிற்றின் மறுநுனியில்
நான் உருண்டு வந்துகொண்டிருந்தேன்.

லாடக்காரர் ஏழு மணிக்குத் திறப்பார்.
திறக்கட்டும்.