தின்னவெல்லி

கப்பலேறிப் போன இலை
ஐந்து மாதம் கழித்து
திசையன்விளைக்கே திரும்பி வந்திருக்கிறது.
இருநூற்றுப் பத்து மூட்டை.
வரவில் எழுதவா, செலவிலா என்று கேட்டேன்.
சுயம்புலிங்கம் முதலாளி
காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் அவுரி என்போம், வைத்தியர் நிலாவாரை என்பார்.
மழை ஏமாற்றிய வருசமும் தலைதூக்கும்.
ஹாம்பர்க்கில் எவருக்கோ விடியலில் வயிறு இளக
இங்கே பெண்கள்
உச்சி வெயிலில் உருவிக் காயப்போடுகிறார்கள்.
சிரிக்கலாம்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தேன்.

சாக்கில் அச்சடித்திருக்கிறது ஊர்ப்பேர்:
தின்னவெல்லி.
வெள்ளைக்காரன் நாக்குப் புரளாமல் வைத்தது,
இலை வியாபாரத்தில் இன்னும் அதுதான் செல்லும்.
நெல்லைக் காணோம் அதில்.
வேலியையும் காணோம்.
'தின்ன' மட்டும் சுத்தமாகக் கேட்கிறது.

இலையோடு தேள்கொடுக்குச் செடி கலந்திருக்கிறதாம்,
மூட்டைக்கு ஒரு சிட்டிகை போல.
இருக்கலாம். விஷம் விஷம்தான்,
அதில் அவர்களைக் குற்றம் சொல்ல வாயில்லை.
ஆனால் ஒப்பந்தம் முப்பத்தொரு பக்கம்:
போன கூலி, வந்த கூலி, துறைமுக வாடகை,
விஷம் என்று சொன்னதற்கான கட்டணம்
எல்லாம் விற்றவன் தலையில்.
வழக்கென்றால் லண்டனில்.
முதலாளி அந்தச் சுமையை மாற்றி வைத்தார்
சம்சாரிகள் தலையில்,
கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய்.

தங்கபுஷ்பம் வந்தாள்.
"என் மூட்டை எதுன்னு காட்டு."
எல்லாம் ஒன்றாய்க் கலந்தாச்சே என்றேன்.
"கலக்கும்போது என்னயக் கேட்டியளா?"

எதிர்க்கடையிலிருந்து இரண்டு வடை வாங்கி வந்தேன்,
வேறென்ன செய்ய.
எண்ணெய் மலேசியா, பட்டாணிப் பருப்பு கனடா,
உப்பு மட்டும் பக்கத்து அளத்திலிருந்து.
கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:
"அங்கேருந்து இம்புட்டு வந்து எறங்குதே,
நாம ஒரு கப்பலத் திருப்பி விட்டுருக்கமா தம்பி?"

பேரேட்டில் அவள் பேருக்கு நேரே
அறுநூற்று நாற்பது கிலோ, கழிவு
பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது.
எழுத்துக்கூட்டி வாசித்தவள்
'கழிவு' என்ற இடத்தில் நின்றாள்.
உதடு கொஞ்சம் கோணியது.
சிரிப்பாகவும் இருக்கலாம்.

பிறகு கை நீட்டி
அடுக்கிலிருந்து ஒரு வெறுஞ்சாக்கை உருவி
உதறினாள்.
தூசி முதலாளியின் மேசை வரைக்கும் பறந்தது.
"இதுக்கும் எழுதிக்கோ."