ஆறாம் வகுப்பு பி

முப்பத்தெட்டு வாய்கள். பன்னிரண்டு வாத்தியங்கள்.
கணக்கு டீச்சர் என்பதால்
என்னிடம் தள்ளிவிட்டார்கள் போலும்.

டிரம்பெட் ஏழு, கார்னெட் மூன்று,
வயிற்றில் பள்ளம் விழுந்த யூபோனியம் ஒன்று,
இழுத்தால் பாதியில் நின்றுகொள்ளும்
டிராம்போன் ஒன்று.
மிச்சம் இருபத்தாறு பேருக்கு
வெறும் மவுத்பீஸ். அதுவும் போதாமல்
பிளம்பர் சேவியரடிமை அறுத்துத் தந்த
பிவிசி குழாய்த் துண்டுகள்.

முதல் வாரம் சத்தமே வரவில்லை.
காற்றுதான் போனது,
பஞ்சரான டியூபுக்குப் பம்பு அடிப்பதுபோல.
கன்னத்தை உப்பாதே, உதட்டை இறுக்கு,
நாக்கில் ஒட்டிய மீன்முள்ளைத் துப்புவதுபோல்
'து' என்று தொடங்கு.
முள் என்றதும் புரிந்துவிட்டது.
நாலாம் பெஞ்சிலிருந்து
துருப்பிடித்த கேட் ஒன்று திறந்தது.
ஷெர்ஜின்.
தன் சத்தத்துக்குத் தானே பயந்து
மூன்று நாள் டிரம்பெட்டைத் தொடவில்லை.

டெட்டால் கலந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில்
மவுத்பீஸ்கள் முங்கிக் கிடக்கும்.
என்ன முக்கினாலும்
மரச்சீனியும் சாளைக்கறியும் தின்ற மூச்சு
குழாய் வளைவுகளில் சாயங்காலம் வரை சுற்றும்.
குளச்சல் காற்றின் உப்புக்கு
வால்வுகள் வாரம் இரண்டு முறை இறுகும்.
அழுத்தித் திறந்தால் தரையில் சொட்டும் தண்ணீரை
"எச்சி" என்று விலகினாள் பெனிலா.
எச்சில் இல்லை, மூச்சு குளிர்ந்த தண்ணீர் என்றேன்.
பாதி உண்மை.
மறுநாள் அவள் ஒரு பழஞ்சாக்குடன் வந்தாள்.

இந்தச் சுரத்துக்குப் புத்தகத்தில் ஸி என்று பேர்,
காதில் விழுவது பி பிளாட் என்றபோது
வகுப்பு கொந்தளித்தது.
"அப்ப ஏதுதான் டீச்சர் உள்ளது?"
ஞானஸ்நானத்தில் ஒரு பேர்,
வீட்டில் கூப்பிட ஒரு பேர் இல்லையா?
டின்சி ரோசலின் என்கிற அம்மு
உடனே தலையாட்டினாள்.

எனக்கும் இதெல்லாம் புதிது.
ராத்திரி கதவைச் சாத்தி
கார்னெட் வாயில் துவர்த்து திணித்து
நாளைய பாடத்தை ஊதிப் பார்ப்பேன்.
அவர்களைவிட ஒரே ஒரு பக்கம் முன்னால்.
மாட்டுக்கு என்ன சீக்கு என்று
பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.
எங்களிடம் மாடு இல்லை.

ஊதவைப்பது எளிது.
ஊதாமல் நான்கு எண்ணவைப்பதுதான்.
ஒன்று, இரண்டு, மூன்று,
அங்கே யாராவது உடைத்துவிடுவார்கள்.
பூஜ்யத்துக்கும் இடமதிப்பு உண்டென்று
காலையில் கரும்பலகையில் சொன்னதை
மத்தியானம் ஒருவரும் நம்புவதில்லை.
பக்கத்து அறையில் ரெத்னபாய் டீச்சர்
தவளையின் ஜீரண மண்டலத்தைக்
கதவடைத்து நடத்துகிறார்.

சுருதி பார்க்கக் கருவி கிடையாது.
மதிலுக்கு அப்பால் ஐஸ் பேக்டரி.
அதன் கம்ப்ரசர் நாள் முழுக்க
ஒரே சுரத்தில் முனகும்,
கிட்டத்தட்ட பி பிளாட்.
"பேக்டரியைக் கேளுங்க" என்பேன்.
முப்பத்தெட்டுத் தலைகள் ஜன்னல் பக்கம் சாயும்.

நேற்று நீண்ட சுரம்.
ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில்
இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.
பிடித்துக்கொண்டார்கள்.
கரண்ட் போனது.
பேன் ஓய்ந்தது, கம்ப்ரசர் அடங்கியது.
யாரும் நிறுத்தவில்லை.
டஸ்டர் விழுந்தது, நான் எடுக்கவில்லை.
வலை ஏற்றிவந்த டெம்போ ஒன்று
மதிலோரம் நின்று
பிறகு போனது.

கரண்ட் வந்து
பேக்டரி தன் சுரத்தைத் தொடங்கியபோதுதான் தெரிந்தது,
அரைச்சுரம் கீழே இறங்கியிருந்தோம்.
முப்பத்தெட்டுப் பேரும். ஷெர்ஜின் உட்பட.
பிவிசி குழாய்கள் உட்பட.
வழியில் ஒருவரும் பிரியாமல்.

யாரைத் திருத்துவது என்று தெரியாமல் நின்றேன்.
அம்மு டிராம்போனை மடியில் இறக்கினாள்.
"பேக்டரிதான் டீச்சர் மேல ஏறிப்போச்சு."

தண்ணீர் விடுங்க என்றேன்.
பெனிலா சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.