அம்புக்குறி

பத்தாம் நம்பர் டிராம் ஓட்டும் ஒருவன்
பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான்.
பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாளும்
கிரஜீனாவுக்கு இரட்டை வேலை.
ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது.
விடியுமுன் கிளம்பியவள்
பிளானரை ஃபிரிட்ஜின் மேல் வைத்து
"எல்லாம் இதில் இருக்கு" என்றாள்.
வீட்டுச் சாவியைக்கூட
அவ்வளவு தயங்கி அவள் கொடுத்ததில்லை.

நான் கேலி செய்து வந்த நோட்டு.
பச்சை அட்டை, தளர்ந்த எலாஸ்டிக் பட்டை,
வூச் நகரில் எத்தனையோ கடை இருக்க
ரயிலடிக்குப் பின்னால் ஒரே கடையில்
நவம்பர்தோறும் வாங்குவாள்.
எழுதி வைக்காவிட்டால்
கிறிஸ்துமஸ் வழி தவறிப் போய்விடுமா என்பேன்.
பதில் பேசமாட்டாள்.
பென்சில் சீவுவாள்.

இருபத்திரண்டாம் தேதியைத் திறந்தேன்.
கட்டத்துக்குள் கட்டம்,
எறும்புச் சாரையாய் அவள் எழுத்து.
"கெண்டை, உயிரோடு, மதியத்துக்குள். தொட்டியைக் கழுவு."
குளியல் தொட்டியில் மீன் நீந்தும் இரண்டு நாள்
நாங்கள் எங்கே குளிக்கிறோம்?
பதினாறு வருஷமாய்க் குளித்திருக்கிறேன்,
யோசித்ததில்லை.
அதற்கும் ஒரு வரி இருந்தது:
"குளியல், ஹலீனா வீடு, ஏழு மணி. துண்டு நம்முடையது."

"க. க. மூன்று முறை."
யார் இந்த க. க. என்று
அரை மணி நேரம் உறவினரை எல்லாம் எண்ணிப் பார்த்தேன்.
மேடையில் அரைக்கும் எந்திரம்.
பக்கத்தில் கறுப்புக் கசகசா.
மூன்று முறை அரைத்தேன்,
மூன்றாவது முறை கை தானாக நின்றுபோனது.
என் மாமியார் பெயர் எதிரே
"தலையணை உயரம்" என்று மட்டும் இருந்தது.
அது உயர்த்தவா தாழ்த்தவா,
இன்றுவரை தெரியாது.

செய்யாமல் விட்ட வேலையை
அடுத்த நாளுக்குத் தள்ள
ஓரத்தில் ஒரு சின்ன அம்பு போடுவாள்.
அம்புகள் அதிகம் இல்லை.
பல் டாக்டருக்கு ஒன்று,
தையல் பொத்தானுக்கு இரண்டு.
மீதி எல்லாம் ஒரே வேலைக்கு.

டிசம்பர் மூன்று: "ஜெனோன், பால்கனி விளக்கு." அம்பு.
நான்கு: "ஜெனோன், பால்கனி விளக்கு." அம்பு.
ஒன்பதில் பென்சில் முனை உடைந்த தடம்.
பதினான்கில் நான் "ஜெ" ஆகிவிட்டேன்.
பத்தொன்பதில் "ஜெ"யும் இல்லை,
வெறும் "விளக்கு."
நேற்று
அம்பு மட்டும்.

சத்தம் போட்டிருக்கலாம்.
ஒருமுறையாவது தட்டை ஓங்கி வைத்திருக்கலாம்.
ஞாபகப்படுத்தினாளா?
படுத்தினாள்தான்,
நான் "ஆகட்டும்" என்றேன்,
"ஆகட்டும்" என்பதை
ஒரு வேலையாக நினைத்திருந்தேன்.

விளக்குச் சரம் கட்டிலுக்கடியில்
முடிச்சு முடிச்சாய்க் கிடந்தது.
நகத்தால் பிரித்தேன், பல்லால் பிரித்தேன்.
செத்த பல்புகளை மாற்றக் கடைக்குப் போனால்
வரிசை வாசல் தாண்டி நின்றது,
ஆண்கள்தாம் அநேகமாய்,
ஆளுக்கொரு காகிதத் துண்டோடு,
அதில் வேறு யாருடையதோ கையெழுத்து.
கீழ்வீட்டு மிராபெலா பிடித்த ஏணியில்
விரல் மரத்துப்போகும் குளிரில் கட்டி முடித்தபோது
மூன்றரை மணி, அதற்குள் இருட்டு.

நாளைய பக்கத்தைப் புரட்டினேன், மறுநாளையும்.
இருபத்துநான்கு, ஆறரை மணி:
"எதிர்பாராத விருந்தாளி. தட்டு, கரண்டி, நாற்காலி."
எதிர்பாராதவருக்கும்
நேரம் குறித்து வைத்திருக்கிறாள்.
சிரித்தேன்.
தொட்டியில் கெண்டை ஒருமுறை வாலை அடித்தது.

நாலே முக்காலுக்குப் பத்தாம் நம்பர்
எங்கள் தெருமுனையில் திரும்பியது.
கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.
மணி மட்டும் அடித்தது, இரண்டு தரம்.
தண்டவாளத்தில் யாராவது
குறுக்கே வந்திருக்கலாம்.

உள்ளே வந்து
அம்பை அழிக்கலாம் என்று பார்த்தேன்.
ரப்பர் எங்கே இருக்கிறது என்பதை
அவள் எதிலும் எழுதி வைக்கவில்லை.