இருநூறு ரூபாய்ப் புள்ளி

எர்ணாவூரில் தூசி இல்லாத நேரம் கிடையாது,
குறைவான நேரம் உண்டு.
விடிகாலை மூன்றேகால்.
துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள்
எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் தூங்கும்.
காற்று, கடல் பக்கமா கரிப் பக்கமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

தரையில் தண்ணீர் தெளித்தாயிற்று.
சட்டையைக் கழற்றியாயிற்று, நூல் உதிரும்.
விசிறி நிறுத்தம். ஷட்டர் இடுக்கில் ஈரச்சாக்கு.
கொசுவத்தி கூடாது, அதன் சாம்பலும் சாம்பல்தான்.
கடித்துவிட்டுப் போகட்டும்.

கட்டையிரண்டின் மேல் பலகை
அடிவயிற்றைக் காட்டிக் கிடக்கிறது, ஆறடி இரண்டங்குலம்.
விளிம்பு நெடுக டேப்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில்
சவரம் செய்த தாடை மாதிரி வெளிறிப்போய்
இப்போதைக்கு எதையும் காட்டாது.

பதினாலு வருஷம் படகு பூசிய கை இது.
படகுக்கு ரெசின் என்றால் களி,
அள்ளி வைத்து ரோலரால் அமுக்கிக்
குமிழைத் துரத்தினால் ஆயிற்று.
மேடு பள்ளத்தை எந்த மீனும் புகார் செய்ததில்லை.
இதற்கு ரெசின் வடிகஞ்சி.
முந்நூறு மில்லி, அதில் மெழுகுக் கரைசல் ஒரு மூடி,
கேட்டலிஸ்ட் நாலரை.
ஐந்து ஊற்றினால் பிரஷ்ஷோடு சேர்ந்து இறுகும்,
நாலு என்றால் மத்தியானம் வரை பிசுக்கும்.
அந்த அரை மில்லிக்காகத்தான்
போன மாசம் மூக்குக்கண்ணாடி வாங்கினேன்.

நடுக்கோட்டில் ஊற்றி
குறுக்கே ஒருதரம் இழுத்து
மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே மூச்சாய் நடக்கிறேன்,
பக்கவாட்டில், நண்டு மாதிரி.
மறுபடியும்.
மூன்றாவது நடையில்
பிரஷ் தொடுகிறதா இல்லையா என்று
எனக்கே சந்தேகம் வரவேண்டும்.

அப்புறம் குனிந்து பார்ப்பேன்.
கூரையின் ட்யூப்லைட் பலகைக்குள் இறங்கியிருக்கும்.
அது நெளிந்தால் அங்கே கனம், மங்கினால் அங்கே பஞ்சம்.
இன்றைக்கு ஸ்கேல் வைத்தாற்போல் கிடந்தது.

எவனோ ஒருத்தன் முன்னாடியே வண்டியை எடுத்தான்.
தரை அதிர்ந்து, வெளிச்சம் வெடவெடத்து,
பின் அதுவாகவே நேரானது.
மூச்சு விட்டேன்.
விட்ட மூச்சுக்குக் காத்திருந்ததுபோல்
எங்கிருந்தோ ஒரு சாம்பல் துணுக்கு
ஆடி ஆடி இறங்கி
ஃபின் வரும் இடத்துக்கு ஒரு சாண் முன்னே
உட்கார்ந்தது.

ஊசி எடுத்தேன்.
மேலிருந்து என் ஊசி போக
அடியிலிருந்து ஒரு ஊசி எழுந்து வந்தது.
இரண்டும் முட்ட ஒரு நூல் இடைவெளி.
எட்டாவது நிமிஷம். தோல் கட்டத் தொடங்கியிருக்கும்.
இப்போது குத்தினால் புள்ளி போய்விடும்,
வடு நிற்கும்.
ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
பாகுப்பதம் வரக் காத்திருந்து
டேப்பை உரித்தேன்.

நாலு நாள் கழித்து,
தண்ணீர்த்தாள் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு எல்லாம் முடிந்து
அமுலு வந்தாள், ஐஸ் பேக்டரிக் கணக்கு முடித்த கையோடு.
தடவிக்கொண்டே வந்த விரல் நின்றது.
"இன்னாண்ணா இது?"
"கரண்டு."
"கரண்டா?"
வடக்கே புகைபோக்கியைக் காட்டினேன்.
பார்த்துவிட்டு, "எரநூறு கொறச்சுக்கோ" என்றாள்.
குறைத்துக்கொண்டேன்.

உடனே பலகையைப் புரட்டிப் போட்டாள்.
மேல்பக்கம். அதற்கு முந்தின ராத்திரி
இதே கொசுக்களுக்கு நடுவே வழித்த பக்கம்,
அதில் ஒரு குற்றமும் கிடையாது.
கொட்டாங்குச்சியில் கொண்டுவந்திருந்த
மெழுகுவர்த்தியும் தேங்காயெண்ணெயும் உருக்கிய கட்டியை
வட்டம் வட்டமாய்த் தேய்த்தாள், கால் வழுக்காதிருக்க.
பளபளப்பு முழுக்கப் பாலாடை படிந்தது.
நான் வாளியைக் கழுவப் போனேன்.

தூண்டில் வளைவுக் கல்மேல் நின்றுதான் பார்த்தேன்.
மூன்றாவது அலையில் எழுந்தாள், நாலாவதில் கவிழ்ந்தாள்.
கவிழ்ந்தபோது பலகை மல்லாந்து
அடிப்பக்கம் முழுசும்
ஒரு வெயில்கோடு ஓடியது, நெளியாமல்.
அத்தனை தூரத்தில்
எள்ளளவு சாம்பல் தெரிய வழியே இல்லை.
தெரிந்தது.