அரைப்பேர்

வியாழக்கிழமைகளில் எனக்கு அரைப்பேர்தான்.
அரைநாள் வேலைக்கு அவ்வளவுதான் போடுவார்கள்.
பகல் நிறுவை முடிந்ததும் படங்கை அவிழ்த்து,
அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு காயுமுன்
பிள்ளைக் காம்பராவில் இவனை வாங்கிக்கொண்டு
டிக்கோயா பஸ்ஸுக்கு ஓடுவேன்.

இவனுக்கும் ஒரு பேர் இருக்கிறது.
எண் பார்த்து வைத்தது,
பதிவுத் துண்டில் இரண்டு தரம் பிழையாக விழுந்து
மூன்றாம் தரம் சரியானது: மிதுர்ஷன்.
ஐந்து வயது. அதை அவன் சொன்னதில்லை.
தண்ணி என்றதில்லை.
அம்மா என்பதை
என் சட்டையை இழுத்துச் சொல்வான்.

லயத்தில் ஆளுக்கொரு மருந்து. வசம்பு. தேன்.
வேலால் நாக்கில் ஓர் எழுத்து.
ஊமை என்று ஒருத்தி சொன்னாள்.
அவளோடு எனக்குப் பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவு.
நிலந்தி மிஸ்ஸுக்குத் தமிழ் திக்கும்.
வாங்க என்ற பிறகு அடுத்த வார்த்தைக்குக்
கூரையைப் பார்ப்பார்.
ரபானை மடியில் வைத்துவிட்டால் திக்குவதில்லை.
மைலோ டின்னில் பயறு போட்டு இவன் கையில் கொடுத்து
மி... துர்... என்று பாடிக்கொண்டே தட்டுவார்.
மூன்றாவதைத் தட்டமாட்டார்.
கை அந்தரத்தில் நிற்கும்.

வைத்தியம் அதுதான்.
தூக்கிய கையோடு காத்திருப்பது.
மலையில் என் கூடைக்காக
யாரும் அத்தனை நேரம் நின்றதில்லை.

ஏழு வியாழன்.
ஒருநாள் டின்னைக் கடித்தான்.
ஒருநாள் மூடி கழன்று பயறெல்லாம் தரையில்;
மிஸ்ஸும் நானும் மேசைக்கடியில் தவழ்ந்தோம்,
அவர் சிங்களத்தில் எண்ணினார், நான் தமிழில்.
ஒருநாள் முழுக்கத் தூங்கினான்.
செக்ரோலில் ஏழு அரைப்பேர்.

நேற்றுத் திரும்பும்போது நல்ல மழை.
கொண்டக்டர் பையன் படியில் தொங்கி
நோர்வூட் நோர்வூட் நோர்வூட் என்று
ஒரே தாளத்தில் கூவிக்கொண்டு வந்தான்.
மடியிலிருந்த இவன் முன்சீட்டுக் கம்பியில்
ஒரு தட்டுத் தட்டினான்.
இன்னொன்று.
பிறகு என்னைப் பார்த்தான்.
கை அந்தரத்தில்.

எனக்கு வாய் வரவில்லை.
ஈரக்குடையோடு பக்கத்தில் நின்றவர்
என்ன, ஏது என்று குனிந்தார்.
கை இறங்கவில்லை.
காத்திருந்தான்,
எவ்வளவு நேரமும் இருக்கிறது என்பதுபோல.

ஷன், என்றேன்.

சிரித்தான். தட்டினான்.
மறுபடி இரண்டு தட்டு, மறுபடி நான்.
இறங்கவேண்டிய பாலம் தாண்டி
மூன்று வளைவு போய்விட்டோம்.