ஐம்பத்தாறு பவுண்டு

ஜனவரி. மைனாட் ஊரில் வெளியே மைனஸ் முப்பது.
கராஜின் சிமென்ட் தரையில்
நீல ஒட்டுநாடாவால் ஒரு வீடு ஒட்டியிருக்கிறோம்,
இருபத்திரண்டு அடி நீளம், ஏழரை அடி அகலம்.
சுவர் இல்லை, கூரை இல்லை, இன்னும் வாங்கவும் இல்லை.

வெர்லின் காப்பிக் கோப்பையோடு நேரே நடந்து வருகிறான்.
"சுவர் வழியாக வந்துவிட்டாய்" என்கிறேன்.
திரும்பிப் போய், கதவு என்று விட்ட இடைவெளியில்
தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி,
மறுபடி வருகிறான்.

குளியலறை மூலையில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தால்
முட்டி இரண்டும் நாடாவைத் தாண்டிப் படுக்கையறைக்குள் நீள்கின்றன.
"கதவைத் திறந்துவைத்துக் குளிப்பேன்."
நாடாவை நான்கு அங்குலம் நகர்த்தினேன்.
அந்த நான்கு அங்குலம் என் அலமாரியிலிருந்து போனது.

இரண்டு குளிர்காலமாக இதுதான் வேலை.
சனிக்கிழமைதோறும் யாருடைய ட்ரெய்லரிலாவது ஏறி,
மெத்தையைத் தூக்கி, சிங்க்கின் அடியில் டார்ச் அடித்து,
மூலைமூலையாக மோந்து பார்ப்போம்.
நனைந்து காய்ந்த பலகைக்கு ஒரு வாடை உண்டு.
விற்கிறவர்கள் அதன்மேல் எலுமிச்சை ஸ்ப்ரே அடிப்பார்கள்.
எலுமிச்சை மணந்தால் நன்றி சொல்லி இறங்கிவிடுவோம்.

கடைசியில், புதிதாகவே சொல்லிச் செய்துகொள்வது என்று ஆயிற்று.
பிஸ்மார்க் கடை ஷெல்பிக்கு என் குரல் மனப்பாடம்.
நால்வர் சாப்பிடும் மேஜை வேண்டாம், இரண்டு நாற்காலி போதும்.
தலைமாட்டில் ஒரு பிளக்;
தூக்கத்தில் மூச்சை மறக்கிறவன், மெஷின் ஓட வேண்டும்.
அடுப்புக்கு மேலே ஜன்னல் வைக்க முடியாது என்றாள்.
சிங்க்குக்கு மேலே?
வைக்கலாம், இருநூற்றுப் பத்து டாலர்.
வை என்றேன்.
முப்பத்தொரு வருடம் பக்கத்து வீட்டு எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துத்
தட்டு கழுவியாயிற்று.

எல்லாம் முடிவான ராத்திரி
வெர்லின் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தான்.
கதவிடுக்கில் ஒரு ஸ்டிக்கர், பத்து வருடமாக நாங்கள் படிக்காதது:
ஆளும் சரக்கும் சேர்ந்து ஆயிரத்து நானூற்று எண்பது பவுண்டு,
அதற்கு மேல் கூடாது.
விதைக்கடை ரசீதின் பின்பக்கம் கழிக்கத் தொடங்கினான்.

கொக்கியின்மேல் ட்ரெய்லர் அழுத்துகிற எடை, எண்ணூற்று ஆறு.
கொக்கி, எண்பத்தைந்து.
பின்பக்கத்தை மூடிய கூண்டு, அவன் தூண்டில்கள் உறங்குவது, நூற்றெழுபது.
தான், இருநூற்று முப்பத்திரண்டு, ஷூ இல்லாமல்.
நாய் தூவா, எழுபத்தொன்று,
அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி அறிந்தது.
ஜெனரேட்டர், அறுபது.

மீதி ஐம்பத்தாறு பவுண்டு.

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் நூற்று ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தாறாகக் கடைசியாக இருந்தது இரண்டாம் வகுப்பில்.
"நீ பஸ்ஸில் வா, ஏரிக்கரையில் சந்திப்போம்."
சிரித்தோம். தூவாவும் எழுந்து வாலாட்டியது.
சிரித்து முடிந்த பிறகும் ரசீது மேஜைமேல் கிடந்தது.
வேண்டுமென்று செய்ததில்லை, தெரியும்.
மூச்சையே மறக்கிறவன்.

அவன் தூங்கியதும், மெஷின் இரைச்சலுக்கு நடுவில்,
புதுத் தாள் ஒன்று எடுத்தேன்.
முதல் வரியில் ஆர்டிஸ், நூற்று ஐம்பத்தெட்டு.
அடுத்து அவன். அடுத்து தூவா.
இரும்பெல்லாம் அப்புறம்.
அதே எண்கள்தான்.
கூண்டின் முறை வந்தபோது இடமில்லை.
மீதி அறுபத்தெட்டு என்று அடிக்கோடு போட்டு,
காப்பி டப்பாவில் சாய்த்துவைத்தேன்.

காலையில் இரண்டு தடவை படித்தான்.
கையுறையை மாட்டினான், ஸ்பேனரை எடுத்தான்.
உறைந்த போல்ட் ஒவ்வொன்றும் கழலும்போது கத்தியது,
உள்ளே என் காது வரை.
கூண்டு இப்போது கராஜில்,
நீல நாடா வீட்டின் படுக்கையறையில், கவிழ்ந்து கிடக்கிறது.

ஞாயிறு குளிர் கொஞ்சம் இளகிப் பனி கொட்டியது.
திறந்த வண்டியின் பின்னால் அரை அடி நிறைந்துவிட்டது.
ஜன்னலோரம் நின்று, திரும்பாமல், கேட்கிறான்:
"உன் அறுபத்தெட்டுக்குள் இது அடங்குமா?"