இரண்டாவது கியர்

கடகத்தூர் ஐ.டி.ஐ.யில்
முதல் நாள் யாரும் ஸ்பேனர் தரவில்லை.
ஆளுக்கொரு பனியன் துணி தந்து
துடைங்க என்றார்கள்.
எதை என்று சொல்லவில்லை.

பட்டறை நடுவே ஒரு டீசல் இன்ஜின்,
பலாப்பழத்தை வகுந்து வைத்ததுபோல்
பாதியாக அறுத்து
உள்ளே சிவப்பும் நீலமும் பூசியிருந்தது.
முப்பத்திரண்டு பேர் சுற்றி நின்றோம்.
நானும் ரோஸ்லினும் மட்டும்
பின்னலைத் தொப்பிக்குள் திணித்திருந்தோம்.

உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று.
கைப்பிடியைச் சுற்றச் சுற்ற
பிஸ்டன் ஏறியது, இறங்கியது.
நாலு வேலையில் ஒன்றுதான் வண்டியைத் தள்ளும்,
மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்காக.
"எங்க வீடும் அப்படித்தான் சார்,
நாலு பேருக்கு ஒரு சம்பளம்" என்றான் தீர்த்தகிரி.
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆயில் பார்க்க ஒரு கம்பி.
இழு, துடை, திரும்ப விடு,
திரும்ப இழு. இப்போது பார்.
முதல் தடவை வருவது பொய்க் கணக்கு.
அதுவும் இன்ஜினை அணைத்துவிட்டுக்
கொஞ்சம் காத்திருந்த பிறகு,
மேலே போன எண்ணெயெல்லாம்
வீடு திரும்பிய பிறகு.

எட்டாம் நாள்
ட்ரெயின் போல்ட்டை நான் மாட்டினேன்.
பொம்பளப் பிள்ளைக்குக் கையில வலு பத்தாது
என்றது பின்னால் ஒரு குரல்.
திரும்பிப் பார்க்கவில்லை.
இன்னும் ஒரு சுற்று.
இன்னும் அரைச் சுற்று.
நறுக்கென்றது.
அதன் பிறகு போல்ட்
யாருக்கும் கட்டுப்படாமல் சும்மா சுற்றியது.
வலுவை நிரூபித்துவிட்டேன்,
மரை போய்விட்டது.

பழுதுப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்:
கௌசிகா, தொப்பூர்.
காரணம்: இறுக்கம் அதிகம்.
புது மரை வெட்ட ஒரு மத்தியானம் போனது.
டேப்பை முக்கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால்.
குரல் கொடுத்த மாதேஷ்தான்
எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகொரு நாள் கரும்பலகையில் பிரேக்.
டிரம், லைனிங், காற்றுத் தொட்டி.
இறக்கம் முழுக்க மிதித்தே வந்தால்
டிரம் காயும், லைனிங் கருகும்.
மிதி இருக்கும், பிடி இருக்காது.
நேரில் எங்கே பார்க்கலாம் சார் என்று யாரோ கேட்க
வகுப்பே என்னைப் பார்த்தது.

தொப்பூர்க்காரிக்கு அது பாடமில்லை.
கருகல் நாற்றம் காற்றில் வந்தால்
எங்கள் தெருவில்
கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு
ரோட்டைப் பார்ப்பார்கள்.
சத்தம் பிறகுதான் வரும்.

அன்று சாயங்காலம் சேலம் வண்டி.
பாளையம்புதூர் டோல் தாண்டியதும்
பாதிப் பேர் தூக்கம்.
கட்டமேட்டில் டிரைவர் கியரைக் குறைத்தார்.
மூன்று.
இறக்கம் தொடங்கும் முன்பே, இரண்டு.
இன்ஜின் பெரிதாக முனகத் தொடங்கியது.

பதினேழு வருஷமாகக் கேட்கிற முனகல்.
வண்டிக்கு முடியவில்லை,
கஷ்டப்படுகிறது என்றே நினைத்திருந்தேன்.
எட்டிப் பார்த்தேன்:
டிரைவரின் கால் ஆக்சிலேட்டரில் இல்லை.
பிரேக்கையும் எப்போதாவதுதான் தொட்டது.
உள்ளே ஆறு பிஸ்டனும்
தீ இல்லாமல், வெறுங்காற்றை
இழுத்தும் அமுக்கியும்
அறுபது பேரையும் இரண்டு மூட்டை தக்காளியையும்
பின்னால் பிடித்து வைத்திருந்தன.

இன்ஜின் என்பது வண்டியைத் தள்ளுவது
என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.
அடித்துத் திருத்த வேண்டும்.

இரட்டைப் பாலத்தில்
பக்கத்து சீட் அக்கா திடுக்கிட்டு விழித்தார்.
"என்னம்மா இப்படிக் கத்துது,
வண்டி ரிப்பேரா?"

இல்லக்கா, என்றேன்.
நல்லா இருக்கு.